தூசியும் வெயிலும் மிகுந்த நம் பக்கத்துக்கு எந்த மடிப்புக் கைபேசி பொருந்தும்?

கேள்வி: ஆம்பூர் ரயிலடி

அனைவருக்கும் வணக்கம். ஆம்பூரில் உள்ள ஏற்றுமதிக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தித் திட்டப் பிரிவில் வேலை செய்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அனுப்பும் ஆர்டர் ஷீட்டுகளையும், அப்பர் எனப்படும் காலணி மேற்பகுதியின் வரைபடங்களையும் கைபேசியிலேயே திறந்து பார்த்து, கட்டிங் பிரிவுக்கும் தையல் பிரிவுக்கும் நின்ற இடத்திலிருந்தே பதில் சொல்ல வேண்டிய வேலை இது. எங்கள் ஷீட்டில் 36 முதல் 46 வரை அளவுகள் வரிசையாக வரும். இப்போதுள்ள கைபேசியில் 41ஆம் அளவைப் பார்க்கத் திரையை நகர்த்தினால், இடப்பக்கம் உள்ள மாடல் எண்ணும் நிறமும் மறைந்துவிடுகின்றன. சென்ற மாதம் ஒரு வரி தவறிக் கீழ்வரியைப் படித்து, பழுப்பு நிறத்துக்குச் சொல்ல வேண்டிய 240 ஜோடியைக் கறுப்புக்குச் சொல்லிவிட்டேன். கட்டிங் பொறுப்பாளர் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டதால் தோல் தப்பியது.

அதனால்தான் மடிப்புக் கைபேசி வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் என்னால் போக முடியாது. அதுவும் தவணையில்தான். என் ஐயங்கள் இவை. புத்தகம்போல் விரிவது நல்லதா, மேலிருந்து கீழாக மடிந்து சட்டைப்பைக்குள் அடங்குவது நல்லதா? இரண்டு லட்சம் முறை மடிக்கலாம், ஐந்து லட்சம் முறை மடிக்கலாம் என்று நிறுவனங்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? எங்கள் தளத்தில் சோல் ஒட்டுவதற்கு முன் தோலைச் சுரண்டும் எந்திரம் உள்ளது. அதிலிருந்து வரும் தூள், உறிஞ்சும் குழாய் இருந்தாலும், மாலைக்குள் சட்டைக் காலர் வரை படிந்துவிடும். இந்தத் தூசியில் மடிப்புத் திரை தாங்குமா? கத்திரி வெயிலில் இருசக்கர வாகனத்தில் போகும்போது என்ன ஆகும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் என் அப்பாதான் இந்தக் கைபேசியில் தங்கையுடன் வீடியோ அழைப்பில் பேசுவார். அவருக்குச் சென்ற ஆண்டு வேலூரில் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். பார்வை மங்கியிருப்பதால் பெரிய திரை அவருக்கும் உதவும் என்று எண்ணுகிறேன்.

பதில் 1: கோட்டை அகழி

வணக்கம் நண்பரே. வேலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கைபேசி பழுதுநீக்கும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கேள்வியில் உள்ள 36 முதல் 46 வரை என்ற அந்த ஒரு வரியே பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது. மேலிருந்து கீழாக மடியும் வகையை விரித்தால் கிடைப்பது நீங்கள் இப்போது வைத்திருக்கும் கைபேசியின் அளவேதான். மடித்தால் சிறிதாகும் என்பதைத் தவிர, படிப்பதற்கு அதில் கூடுதல் இடம் எதுவும் இல்லை. அகலமான ஷீட்டைப் பார்ப்பதற்குப் புத்தக வகைதான் பொருந்தும்.

அடுத்து, மடிக்கும் எண்ணிக்கை. ஒரு நாளைக்கு நூறு முறை திறந்து மூடினால் இரண்டு லட்சம் என்பது 2,000 நாள், அதாவது ஐந்தரை ஆண்டு. ஐந்து லட்சம் என்றால் பதின்மூன்று ஆண்டுக்கும் மேல். அந்தக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் அது தூசியில்லாத ஆய்வுக்கூடத்தில், ஒரே சீரான வெப்பநிலையில், எந்திரம் மடித்த கணக்கு. என் மேசைக்கு வரும் மடிப்புக் கைபேசிகளில் மடித்து மடித்தே தேய்ந்து போனது என்று சொல்லத்தக்கவை மிகவும் குறைவு. கீல் ஓரத்தில் துகள் புகுந்தவை, விரித்த நிலையில் கை நழுவி விழுந்தவை, உள்திரையின் மேலுள்ள படலத்தை ஸ்கிரீன் கார்டு என்று நினைத்து உரித்தெடுத்தவை, இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே எத்தனை முறை மடிக்கலாம் என்று கேட்பதைவிட, உள்ளே எது புகும் என்று கேட்பதே நம் ஊருக்குச் சரியான கேள்வி.

வாலாஜா பக்கத்திலிருந்து ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் கொண்டு வந்த கைபேசி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உள்திரையின் நடுவில், மடிப்புத் தடத்துக்குச் சற்று வலப்பக்கம், கடுகில் பாதி அளவுக்கு ஒரு மேடு இருந்தது. விரலால் தடவினால்தான் தெரியும். அதைச் சுற்றி மை சிந்தியதுபோல் ஒரு கறுப்புப் புள்ளியும், அதிலிருந்து மேல்நோக்கி ஒரு பச்சைக் கோடும் இருந்தன. திரையைப் பிரித்தபோது கீழே ஒரேயொரு மணல் துகள் கிடந்தது. மேலிருந்து கீறியிருந்தால் படலம் தாங்கியிருக்கலாம். இது கீல் இடுக்கு வழியாகப் பின்பக்கம் போய், மூடும்போதெல்லாம் திரையை அடியிலிருந்து குத்தியிருக்கிறது.

மடியும் திரை எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் இது ஏன் என்று விளங்கும். சாதாரணக் கைபேசியில் மேலே இருப்பது கெட்டிக் கண்ணாடி. மடிப்புக் கைபேசியின் உள்திரையில் படத்தைக் காட்டும் வளையக்கூடிய ஓஎல்இடி அடுக்கு, அதன்மேல் மீமெல்லிய கண்ணாடி, அதற்கும் மேல் நெகிழித் தகடு என்று அடுக்கடுக்காக ஒட்டியிருப்பார்கள். 2020இல் சாம்சங் முதன்முதலாக இசட் ஃபிலிப்பில் வைத்த கண்ணாடியின் தடிமன் ஏறத்தாழ 30 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் முப்பத்து மூன்றில் ஒரு பங்கு. நம் விரல் உண்மையில் தொடுவது நெகிழியைத்தான், அதில் நகம்கூடத் தடம் பதிக்கும். பாலாற்று மணலில் உள்ள குவார்ட்ஸ், சாதாரணக் கண்ணாடியையே கீறக்கூடிய கடினம் உள்ளது. இந்தப் பலவீனத்தை நிறுவனங்களும் பட்டுத்தான் கற்றுக்கொண்டன. 2019 ஏப்ரலில் வரவேண்டிய சாம்சங்கின் முதல் மடிப்புக் கைபேசியான கேலக்ஸி ஃபோல்டைச் சோதனைக்குப் பெற்றவர்களில் சிலர் மேற்படலத்தை உரித்துவிட்டார்கள். வேறு சிலருடையதில் கீல் இடைவெளி வழியாகத் துகள் புகுந்தது. வெளியீட்டைத் தள்ளிவைத்து, இடைவெளிகளை அடைத்து, படலத்தின் விளிம்பைச் சட்டத்துக்குள் செருகி, அந்த ஆண்டு செப்டம்பரில்தான் விற்பனைக்கு விட்டார்கள்.

இனி, பெட்டியில் ஐபி என்று தொடங்கும் எண்ணைப் பாருங்கள். அதில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. கடைக்காரர்கள் இரண்டாவதைத்தான் உரக்கச் சொல்வார்கள், உங்களுக்கு வேண்டியதோ முதலாவது. அது 4 என்றால், ஒரு மில்லிமீட்டரும் அதற்குப் பெரியதுமான பொருள் உள்ளே போகாது என்று பொருள். கடுகைத் தடுக்கும், கேழ்வரகு மாவைத் தடுக்காது. 5 என்றால் தூசி சிறிது புகலாம், ஆனால் இயக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் புகாது. 6 என்றால் தூசி புகவே புகாது. எண்ணுக்குப் பதில் எக்ஸ் என்று இருந்தால் தூசிக்கு எந்த உறுதியும் தரவில்லை என்று கொள்ளுங்கள். 2021இல் வந்த சாம்சங் இசட் ஃபோல்டு 3 ஐபிஎக்ஸ்8, தண்ணீருக்கு மட்டும். 2025இல் வந்த சாம்சங் இசட் ஃபோல்டு 7 ஐபி48. அதே ஆண்டு வந்த விவோ எக்ஸ் ஃபோல்டு 5 ஐபி58. கூகுள் பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டு ஐபி68, மடிப்புக் கைபேசிகளில் அந்தத் தரத்தை எட்டிய முதல் கைபேசி அதுதான்.

தோல் சுரண்டிய தூள் மணலைவிட மென்மையானது என்பது உண்மைதான். ஆனால் அந்த எந்திரத்தில் தோலைச் சுரண்டும் எமெரி என்ற கடினமான பொருளின் துகளும் அதோடு கலந்தே வருகிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் இலக்கம் 5க்குக் கீழே உள்ள எதையும் அந்தத் தளத்துக்குள் கொண்டுபோக மாட்டேன்.

வெயிலைப் பொறுத்தவரை, பெரும்பாலான கைபேசிகளை 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தும்படிதான் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். நம் ஊரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமான செய்தி. வண்டியின் முன்பிடியில் மாட்டி வழி பார்ப்பதையும், பெட்ரோல் டேங்கின் மேலுள்ள பையில் வைப்பதையும் விட்டுவிடுங்கள். அடுக்குகளைப் பிடித்திருப்பது பசை. சூட்டில் இளகிய பசை மடிப்பு ஓரத்தில்தான் முதலில் விடும்.

பதில் 2: ஆரணிக் கரை

நான் ஆரணியில் பட்டுச் சேலைக் கடை நடத்துகிறேன். மூன்று ஆண்டுகளாக மேலிருந்து கீழாக மடியும் வகையைப் பயன்படுத்துவதால் அதைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். அண்ணன் சொன்னதுபோல் அதில் படிக்கும் இடம் கூடாது. ஆனால் எனக்கு அது வேறு விதத்தில் கைகொடுக்கிறது. பாதி மடித்து மேசைமேல் வைத்தால் தானாக நிற்கும். இரண்டு கையாலும் சேலையை விரித்து, கரையையும் முந்தியையும் வாடிக்கையாளருக்கு வீடியோ அழைப்பில் காட்டுவேன். ஜரிகை வெளிச்சத்தில் எப்படி மின்னுகிறது என்று காட்டச் சேலையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அதற்கு இரண்டு கையும் வேண்டும். அந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட தேவைக்கு அதிகம் செலவழிக்கவும் வேண்டாம். மோட்டோரோலா ரேசர் 60 வெளியானபோது 49,999 ரூபாய்தான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இரண்டாவது கோடையில் என் கைபேசியின் மடிப்பு ஓரத்தில் படலம் நூலளவு எழும்பியது. நான் உரிக்கவில்லை, கீழே போடவும் இல்லை. வேலூரில் உள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அங்கே மடிப்புத் திரையைக் கையாள ஆளில்லை என்று சொல்லிச் சென்னைக்கு அனுப்பினார்கள். பதினொரு நாள் கழித்து, திரையில் அழுத்தத் தடம் இருக்கிறது, இது உத்தரவாதத்துக்குள் வராது என்று தொலைபேசியில் சொன்னார்கள். தடத்தைக் காட்டும் படத்தை அனுப்புங்கள் என்று இரண்டு முறை கேட்டேன், கடைசிவரை வரவில்லை. ஆடி மாத விற்பனை நடந்துகொண்டிருந்த நேரம், கைபேசி இல்லாமல் கடை நடத்த முடியாது. ஒரு நல்ல புதுக் கைபேசி வாங்கும் தொகையைக் கட்டித்தான் திரையை மாற்றினேன். அந்தப் பதினொரு நாளில் என்னை அழைத்துக் கிடைக்காமல் வேறு கடைக்குப் போன வாடிக்கையாளர்கள் உண்டு. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அதனால் எந்தக் கைபேசியைத் தேர்ந்தெடுத்தாலும் பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். உள்திரையை மாற்றும் வேலை வேலூரிலேயே நடக்குமா, சென்னைக்கு அனுப்புவார்களா? அனுப்பினால் எத்தனை நாள் ஆகும்? இன்றைய தேதியில் உள்திரையின் விலை என்ன? தற்செயல் சேதத்துக்கான பாதுகாப்புத் திட்டத்தை வாங்கிய எத்தனை நாளுக்குள் சேர வேண்டும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸாப் செய்தியாக இருந்தாலும் போதும். கைபேசியை ஒப்படைக்கும்போது, அவர்கள் எதிரிலேயே திரையை எல்லாப் பக்கமும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யத் தவறியதால்தான் வாதாட முடியாமல் போயிற்று.

இன்னொரு யோசனை. ஒன்றரை லட்சம் போட வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல சாதாரணக் கைபேசி ஒன்றும் எட்டு அங்குல டேப்லெட் ஒன்றும் சேர்ந்தே அதில் பாதிக்குள் முடிந்துவிடுமே?

ஆம்பூர் ரயிலடி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, டேப்லெட் யோசனையை நான் முயன்று பார்த்துவிட்டேன். நிறுவனமே ஒன்று கொடுத்திருக்கிறது. தளத்தில் நடக்கும்போது இடக்கையில் எப்போதும் ஒரு மாதிரிக் காலணி இருக்கும், வலக்கை மட்டும்தான் மிச்சம். டேப்லெட்டைச் சட்டைப்பையில் வைக்க முடியாது, மேசையில் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் கையில் இருக்காது. ஆறு மாதமாக அது அலமாரியில்தான் கிடக்கிறது. உங்களுக்கு நேர்ந்தது வருத்தமாக இருக்கிறது. எழுத்தில் வாங்கும் யோசனையைக் கண்டிப்பாகப் பின்பற்றுவேன்.

பதில் 3: காட்பாடி மேம்பாலம்

வேலூர் மருத்துவமனை ஒன்றின் இதயப் பிரிவில் தொழில்நுட்பராக இருக்கிறேன். மற்றவர்கள் கைபேசியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மடிப்புக் கைபேசி மூடிய நிலையில் இறுகி நிற்பதற்காக அதன் உடலுக்குள் காந்தங்கள் வைத்திருக்கிறார்கள். பேஸ்மேக்கரின் அருகில் போதிய வலுவுள்ள காந்தம் வந்தால், அது நோயாளியின் சொந்த இதயத்துடிப்பைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு, முன்பே அமைத்த ஒரே வேகத்தில் துடிப்பைக் கொடுக்கும் நிலைக்கு மாறக்கூடும். நாங்களே பரிசோதனையின்போது இதற்காகக் காந்தத்தைப் பயன்படுத்துகிறோம். காந்தத்தை எடுத்தால் கருவி பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்றாலும், கருவி உள்ளவரின் மார்பருகே அது இருக்கக் கூடாது. கைபேசித் தயாரிப்பாளர்களும் தங்கள் கையேடுகளில் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே அப்பா பேசக்கூடாது என்பதில்லை. மேசைமேல் பாதி விரித்து நிறுத்தி, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பேசட்டும். மார்பில் சாய்த்துக்கொண்டு படுத்தபடி பேசுவது, பேசி முடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது, இரண்டும் வேண்டாம். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது கைபேசியின் மாடலைச் சொல்லி மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பெரிய திரையில் முகமும் பெரிதாகத் தெரியும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. எட்டு அங்குல உள்திரை ஏறக்குறைய சதுரமானது. அகலமான 16:9 வீடியோவை அதில் பார்த்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, படம் மூலைக்கு மூலை ஏழு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவாகவே வரும். இப்போதையதைவிடப் பெரிதுதான், ஆனால் இரு மடங்காகத் தெரியும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் வரும். எழுத்துக்கும் அட்டவணைக்கும்தான் அந்தச் சதுரம் முழுவதும் பயன்படும். நான் பணிநேர அட்டவணையை ஒரு பாதியிலும் வாட்ஸாப்பை மறு பாதியிலும் திறந்து வைத்துத்தான் வேலை செய்கிறேன். அந்த வசதிக்குப் பழகியபின் சாதாரணத் திரைக்குத் திரும்புவது கடினமாக இருக்கிறது.

கோட்டை அகழி

பேஸ்மேக்கர் பற்றிய செய்தி எனக்கே தெரியாது, இனி என் கடைக்கு வருபவர்களிடமும் சொல்வேன். நண்பரே, கடைக்குப் போகும்போது உங்கள் ஆர்டர் ஷீட்டை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொண்டு, அதைக் காட்சிக் கைபேசியில் திறந்து பாருங்கள். அவர்கள் காட்டும் மலைக் காட்சி, பூக் காட்சி எல்லாம் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். திரையை அணைத்துவிட்டு விளக்கொளியில் சாய்த்து மடிப்புத் தடத்தைப் பாருங்கள். பாதியில் நிறுத்தினால் கீல் அந்த இடத்திலேயே நிற்கிறதா, தானாகச் சரிகிறதா என்றும் பாருங்கள். இடக்கையில் எதையாவது பிடித்துக்கொண்டு, ஒரு கையால் ஐந்து நிமிடம் வைத்திருங்கள். பிக்சல் 258 கிராம், விவோ 217 கிராம், சாம்சங் 215 கிராம். நாற்பது கிராம் என்பது எண்ணில் சிறிதாகத் தெரியும், மணிக்கட்டுக்கு மாலையில் தெரியும். பழைய மடிப்புக் கைபேசியை மட்டும் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கீலுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து என்னாலும் சொல்ல முடியாது.

ஆம்பூர் ரயிலடி

ஞாயிற்றுக்கிழமை வேலூர் போய் வந்தேன், அதை இங்கே தெரிவிப்பது என் கடமை. நீங்கள் சொன்னபடி என் ஷீட்டையே திறந்து பார்த்தேன். மாடல் எண், நிறம், 36 முதல் 46 வரை எல்லாம் ஒரே வரியில், திரையை நகர்த்தாமல் தெரிந்தன. எழுத்து சிறிதுதான், ஆனால் கண்ணாடி போட்டால் படிக்க முடிகிறது. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது.

பிக்சலின் தூசித் தரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் வெளியான விலையே 1,72,999 ரூபாய், கையிலும் கனமாக இருந்தது. சாம்சங்கின் 1,74,999 ரூபாயும் என் வரம்பைத் தாண்டியது, தூசி இலக்கமும் 4. ஆகவே 1,49,999 ரூபாய்க்கு வெளியான எக்ஸ் ஃபோல்டு 5ஐ எடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். 6,000 மில்லிஆம்பியர் மணி பேட்டரி என்பதால் பகலில் சார்ஜ் போடும் தேவையும் குறையும். சுரண்டும் எந்திரம் உள்ள வரிசைக்குள் போகும்போது ஜிப் வைத்த தோல் உறையில் போட்டுக்கொள்வேன். எங்கள் மாதிரிப் பிரிவிலேயே ஒன்று தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கடைக்காரரிடம் அக்கா எழுதிய நான்கு கேள்விகளையும் அப்படியே அனுப்பினேன். மூன்றுக்குப் பதில் வந்துவிட்டது. உள்திரையின் விலையை மட்டும் சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுதி அனுப்புவதாகச் சொன்னார். அது வந்த பிறகுதான் முன்பணம் கட்டுவேன்.